இலவச அறையின் விலை: மதுரை லாட்ஜ் ஒன்றின் நிகழ்வு ஆய்வு

மதுரையில் 'ஹோட்டல்' என்றால் சாப்பிடுகிற இடம். தங்குகிற இடம் லாட்ஜ். போர்டில் எத்தனை நட்சத்திரம் போட்டிருந்தாலும் ஆட்டோக்காரர் அப்படித்தான் சொல்வார். நான் வருடாவருடம் வரவு செலவுக் கணக்குப் பார்க்கும் இந்த இடம், ரயில்வே ஸ்டேஷனுக்கும் மீனாட்சி அம்மன் கோயிலுக்கும் நடுவில், டவுன்ஹால் ரோட்டிலிருந்து பிரியும் ஒரு தெருவில் இருக்கும் 42 அறை லாட்ஜ். கீழே வாடகைக்கு விட்ட ஒரு சைவ ஹோட்டல். பக்கவாட்டு வாசலில் எஃப்எல் 3 உரிமத்தோடு ஏசி பார். மூன்றாவது மாடியில் 200 பேர் உட்காரும் மினி ஹால். பின்கட்டில் சொந்தச் சமையலறை. பாருக்கும் ரூம் சர்வீசுக்கும் ஹாலுக்கும் அதுதான். உரிமையாளரின் அப்பா இடம் வாங்கிக் கட்டிய கட்டடம்.

பெயரைச் சொல்லப்போவதில்லை. தொகைகளையும் வட்டமாக்கி, அங்கங்கே மாற்றியிருக்கிறேன். ஒன்றுக்கொன்று உள்ள விகிதம் மட்டும் கெடாமல் பார்த்துக்கொண்டேன்.

விஷயம் கோவாவில் ஆரம்பித்தது. உரிமையாளர் தன் சம்பந்தியோடு பனாஜி போய், மாண்டவி ஆற்றில் நிற்கும் கேசினோக் கப்பலில் ஒரு ராத்திரி இருந்துவிட்டு வந்தார். எவ்வளவு விட்டார் என்று சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. அவர் கேட்டது வேறு.

"தம்பி, டிக்கெட்டு வாங்கி உள்ள போனா சாப்பாடு சும்மா, சரக்கு சும்மா, விளையாட கூப்பனும் குடுக்குறான். நம்ம இங்க தண்ணி பாட்டிலுக்குக் காசு வாங்கியும் இழுபறியா கெடக்கு. அவனுக்கு எப்படிக் கட்டுபடியாகுது?"

"உங்க லாட்ஜுலயும்தான் சும்மா குடுக்குறீங்க, அண்ணே."

"நான் யாருக்குக் குடுத்தேன்?"

அதைத்தான் அடுத்த மூன்று வாரம் தேடினோம்.

கப்பலில் நடப்பது

ரூலெட் என்பது சுழலும் சக்கரத்தில் பந்தை உருட்டி, எந்த எண்ணில் விழும் என்று பணம் வைக்கும் ஆட்டம். சக்கரத்தில் 1 முதல் 36 வரை எண்கள், அதோடு ஒரு பூஜ்யம். மொத்தம் 37 குழிகள். ஓர் எண்ணில் பணம் வைத்து ஜெயித்தால் 35 மடங்கு தருவார்கள், வைத்த பணமும் திரும்ப வரும். அதாவது 37 வாய்ப்புள்ள ஆட்டத்துக்கு 36 பங்குதான் கைக்கு வருகிறது. அந்த ஒரு குழி வித்தியாசம்தான் முழு வியாபாரமும்: 37-ல் 1, அதாவது 2.7 சதவீதம்.

'வெறும் 2.7-ஆ?' என்று தோன்றும். இங்கேதான் பலர் தடுமாறுவார்கள். ஒருவர் 10,000 ரூபாய்க்குச் சிப், அதாவது காசுக்குப் பதிலாக மேசையில் வைக்கும் வில்லைகள், வாங்குகிறார். ஒரு சுற்றுக்கு 500 ரூபாய் வைக்கிறார், மணிக்கு 40 சுற்று, நாலு மணி நேரம். அவர் பையிலிருந்து வந்தது 10,000 மட்டும்தான், ஆனால் ஜெயித்ததையே திரும்பத் திரும்ப வைத்ததில் மேசையில் ஓடியது 80,000. அதில் 2.7 சதவீதம் ஏறக்குறைய 2,160. ஒருநாள் அவர் ஜெயித்துப் போகலாம், மறுநாள் முழுதும் தோற்கலாம். ஆயிரம் பேர் விளையாடினால் சராசரி இதை ஒட்டித்தான் வந்து நிற்கும். ஆக 2,160 வரப்போகிற ஆளுக்கு 600 ரூபாய் சாப்பாடும் 400 ரூபாய் சரக்கும் கொடுத்து உட்கார வைப்பது தானம் இல்லை. ஆள் கூடுதலாக ஒரு மணி நேரம் உட்கார்ந்தால் சாப்பாட்டுக் காசில் பெரும்பகுதி வந்துவிடும், அவ்வளவுதான்.

இந்த எதிர்பார்ப்புத் தொகையை அந்தத் தொழிலில் ஒவ்வொரு ஆளுக்கும் தனித்தனியாகக் கணக்குப் போட்டு வைக்கிறார்கள்: சராசரிப் பந்தயம், மணிக்கு எத்தனை ஆட்டம், எத்தனை மணி நேரம், ஆட்டத்தின் சதவீதம். நான்கையும் பெருக்கினால் அந்த ஆளின் மதிப்பு. அதிலிருந்து ஒரு பங்குதான் இலவச அறையாக, சாப்பாடாகத் திரும்பிப் போகும். முதலில் கணக்கு, பிறகு இலவசம்.

அமெரிக்காவில் லாஸ் வேகஸின் பெரிய வீதியில் 1990-களின் கடைசியிலேயே சூதாட்டத்தைவிட அறை, சாப்பாடு, கச்சேரி வருமானம் அதிகமாகிவிட்டது. ஊருக்கு ஊர் இருக்கும் கேசினோக்களின் கதை வேறு. அங்கே விமானத்தில் வருபவர் குறைவு. ஒன்றிரண்டு மணி நேரம் கார் ஓட்டி வந்து, ஸ்லாட் மெஷினில் உட்கார்ந்துவிட்டுப் போகும் சுற்றுவட்டார ஆட்கள்தான் அஸ்திவாரம். இப்படிப் பல ஊர்களில் கேசினோ நடத்திய ஹாரா'ஸ் நிறுவனம் இதை நன்றாகவே பிடித்துக்கொண்டது. ஹார்வர்டில் பாடம் நடத்திக்கொண்டிருந்த கேரி லவ்மன் 1998-ல் அங்கே நிர்வாகத்துக்கு வந்து, வாடிக்கையாளர் அட்டைகளில் சேர்ந்திருந்த விவரங்களைக் கிளறினார். 26 சதவீத ஆட்களிடமிருந்து 82 சதவீத வருமானம் வந்துகொண்டிருந்தது. லிமூசினில் வந்து இறங்கும் கோடீஸ்வரர்கள் இல்லை அவர்கள். ஓய்வுபெற்ற ஆசிரியர்கள், வங்கி ஊழியர்கள், மெஷின் ஆபரேட்டர்கள், நடுவயது தாண்டியவர்கள்.

அவர்கள் செய்த ஒரு சோதனையை உரிமையாளரிடம் சொன்னபோதுதான் நிமிர்ந்து உட்கார்ந்தார். மிசிசிப்பி மாநிலத்தின் ஜாக்சன் நகரத்திலிருந்து அடிக்கடி வரும் ஆட்களை இரண்டாகப் பிரித்தார்கள். ஒரு பாதிக்கு வழக்கமான 125 டாலர் சலுகை: இலவச அறை, இரண்டு வேளை இறைச்சிச் சாப்பாடு, 30 டாலர் சிப். இன்னொரு பாதிக்கு வெறும் 60 டாலர் சிப் மட்டும், அறை கிடையாது. பாதிச் செலவில் முடிந்த இரண்டாவது கூட்டம்தான் அதிகம் விளையாடியது. சுற்றுவட்டாரத்திலிருந்து வந்தவருக்கு வீடு இருக்கிறது. அவருக்கு எதற்கு அறை?

கோவாவில் இந்த வழி அடைபட்டிருக்கிறது. 2020 பிப்ரவரி 1 முதல் கோவாக்காரர்களே கேசினோவுக்குள் போகக்கூடாது. முழுக்க வெளியூர்க் கூட்டத்தை நம்பியே ஓடவேண்டும். அதற்குமேல் வரி. 2023 அக்டோபர் 1 முதல் சிப் வாங்கக் கொடுக்கும் முழுத் தொகைக்கும் 28 சதவீத ஜிஎஸ்டி. நம் கணக்கில் 10,000-க்கு 2,800. நடத்துபவருக்கு மிஞ்சுவதாகச் சொன்னதோ 2,160. இதைத் தானே சுமந்தால் கப்பல் மூழ்கிவிடும், ஆகவே ஏதோ ஒரு வழியில் வாடிக்கையாளர் தலையில்தான் இறங்கும். 2025 செப்டம்பர் 22 முதல் அது 40 சதவீதம்.

மதுரைக்குக் கேசினோ வருமா என்று அவர் கேட்கவில்லை, எனக்குத்தான் சொல்லிவிட ஆசை: வராது. 1930-ம் வருடச் சூதாட்டத் தடைச் சட்டம் இன்னும் இருக்கிறது, லாட்டரிச் சீட்டையே 2003-ல் மூடிய மாநிலம் இது, 2023-ல் ஆன்லைன் சூதாட்டத்துக்கும் தனிச்சட்டம் வந்துவிட்டது. மனமகிழ் மன்றத்தில் ரம்மி ஆடுவதோடு சரி.

"ஐயா சொன்னது"

ரிசப்ஷனில் நீளமான பதிவேடு ஒன்று. கம்ப்யூட்டரில் பில் போட்டாலும், ராத்திரி மேனேஜர் அதில் எழுதாமல் தூங்கமாட்டார். அறை எண், பெயர், வந்த நேரம், வாடகை. ஒரு வருடப் பதிவேட்டைப் புரட்டியபோது, வாடகை இருக்கவேண்டிய கட்டத்தில் பல இடங்களில் பென்சிலில் இரண்டே வார்த்தை: 'ஐயா சொன்னது'.

எண்ணினோம். வருடத்தில் 412 அறை-இரவுகள் இலவசம். உரிமையாளர் நம்பவே இல்லை, மறுபடி எண்ணச் சொன்னார். சொந்தக்காரர், கட்சிக்காரர், சில அதிகாரிகள் என்று கொஞ்சம் போக, பெரும்பகுதி ஹால் பார்ட்டிகள். கல்யாண ரிசப்ஷன், நிச்சயதார்த்தம், சஷ்டியப்த பூர்த்தி. 'ஹால் எடுத்தா ஆறு ரூம் ஃப்ரீ' என்பது அப்பா காலத்திலிருந்து வரும் வழக்கம்.

இலவச அறைக்கு என்ன விலை என்பதற்கு ஒரே பதில் கிடையாது. ஆடி மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை எப்படியும் காலியாகக் கிடக்கப்போகிற அறையைக் கொடுத்தால் செலவு 400 ரூபாய்: படுக்கை விரிப்பு, துண்டு துவைக்க, சோப்பு, கரண்ட், காலையில் இட்லி. அதே அறையை வைகாசி முகூர்த்த ஞாயிற்றுக்கிழமை கொடுத்தால் 2,200. அன்றைக்கு வாசலில் நிற்கும் ஆளைத் திருப்பி அனுப்பிவிட்டுத்தான் கொடுத்திருக்கிறோம். அந்த 412-ல் 260 முகூர்த்த நாள். ஹால் பார்ட்டி வருவதே முகூர்த்த நாளில்தானே.

சரி, ஹாலாவது சம்பாதித்ததா? இரண்டு பில்களை எடுத்துக்கொண்டோம். முதல் பார்ட்டி ஹால் வாடகை 30,000 கொடுத்து, வெளியிலிருந்து சமையல்காரரைக் கூட்டிவந்தது. ஏசி, ஜெனரேட்டர் டீசல் 6,000. கூட்டிப் பெருக்க, எச்சில் இலை அள்ள 2,000. ஆறு அறை 13,200. மிச்சம் 8,800. இரண்டாவது பார்ட்டிக்கு ஹால் வாடகை அதே 30,000, அதோடு நம் சமையலறையிலிருந்தே சாப்பாடு: இலை 350, 200 இலை, 70,000. மளிகை, காய்கறி, காஸ், பரிமாறும் ஆட்கள் எல்லாம் சேர்த்து 45,000. ஹால் செலவு அதே 8,000, அறை அதே 13,200. மிச்சம் 33,800. இரண்டு பார்ட்டிக்கும் அதே ஆறு அறை. ஒருவரிடம் கிட்டத்தட்ட நான்கு மடங்கு மிஞ்சியது, இருவருக்கும் ஒரே மரியாதை. ஹாரா'ஸ்காரர்கள் இந்தப் பதிவேட்டைப் பார்த்தால் அழுதிருப்பார்கள்.

அடுத்த முகூர்த்தத்தன்று சாயங்காலம் நானே மூன்றாவது மாடியில் போய் நின்றேன். ஆறு அறைகளில் இரண்டில்தான் ஆள் புழக்கம். ஒன்றில் பொண்ணுக்கு மேக்கப், இன்னொன்றில் மாப்பிள்ளை வீட்டுப் பெரியவர் இரண்டு பேர் ஃபேனைப் போட்டுப் படுத்திருந்தார்கள். மூன்றாவது அறையைத் திறந்த ரூம் பாய் என்னைப் பார்த்துச் சிரித்தான். கட்டில் முழுக்கச் சீர்வரிசைத் தட்டுகள். ஆப்பிள், கற்கண்டு, தாம்பாளத்தில் பட்டுப்புடவை, மூலையில் ஈரத்துணி போர்த்திய மாலைக்கூடை. 2,200 ரூபாய் அறையில் ஏசி 20-ல் ஓடிக்கொண்டிருந்தது, பூ வாடக்கூடாது என்று. மற்ற மூன்றின் சாவியை ரிசப்ஷனிலிருந்து வாங்கவே இல்லை. விருந்தாளிகள் எல்லாம் திருமங்கலம், மேலூர், உசிலம்பட்டிப் பக்கம். சாப்பிட்டுவிட்டு வேனில் ஏறிப் போய்விட்டார்கள். ஜாக்சன்காரருக்கு அறை எதற்கு என்ற அதே கதை.

அவர்களுக்கு என்ன வேண்டும் என்று மேனேஜரைக் கேட்டேன். "சார், முந்தின நாள் ராத்திரி ஹாலைத் திறந்துவிட்டு டெக்கரேஷன் பண்ணவிடணும். கார் நிறுத்த ஆள் போடணும். கரண்ட் போனா ஜெனரேட்டர் உடனே ஓடணும். இதுக்குத்தான் சண்டை வரும். ரூமுக்கு ஒருத்தரும் சண்டை போட்டதில்ல." மூன்றும் சேர்ந்து 3,000 ரூபாய் செலவுகூட இல்லை.

அறைக்கு யார் வருகிறார்கள்

உள்ளூர்க்காரர் சாப்பிடவும் விசேஷத்துக்கும் குடிக்கவும் வருகிறார், தங்குவது வெளியூர்க்காரர். இது இரண்டு வேறு வியாபாரம். ஒரே கட்டடத்தில் இருப்பதால் ஒன்று என்று நினைத்துக்கொள்கிறோம்.

தங்க வருபவரில் வாரநாள் கூட்டம் ஒரு மாதிரி. 2004 ஜூலையில் உயர் நீதிமன்றக் கிளை மதுரைக்கு வந்த பிறகு, தென்மாவட்டங்களிலிருந்து கேஸுக்கு வருகிறவர்கள் திங்கள் முதல் வெள்ளி வரை கொஞ்சம் நிரப்புகிறார்கள். கண் ஆஸ்பத்திரிக்கும் மற்ற ஆஸ்பத்திரிகளுக்கும் வருகிறவர்கள் நாலைந்து நாள் தங்குவார்கள், பேரம் பேசுவார்கள், அறையைச் சுத்தமாக வைத்திருப்பார்கள். வாரக்கடைசியில் ராமேஸ்வரம்–மதுரை–கன்னியாகுமரி சுற்றும் குடும்பங்கள்.

எனக்கு ரொம்பப் பிடித்த வருமானம் 'ஃப்ரெஷ் அப்'. மீனாட்சி கோயில் நடை மதியம் 12.30-க்குச் சாத்தி 4 மணிக்குத் திறக்கும். கார்த்திகை, மார்கழியில் ஐயப்ப பக்தர்கள் வேன் 1 மணிக்கு வந்து நின்றால், மூன்று மணி நேரம் எங்கே போவார்கள்? குளிக்க, படுக்க நாலு மணி நேரத்துக்கு ஓர் அறை, 800 ரூபாய். காலை 11-க்குக் காலியான அறை மதியம் ஒரு தடவை, ராத்திரி ஒரு தடவை என்று ஒரே நாளில் இரண்டு முறை விற்கும். நடை சாத்துகிற நேரம் இந்தத் தெருவுக்கு ஆகமம் கொடுத்த கொடை.

இதற்கு இடைஞ்சல் லாட்ஜ்காரர்களே வைத்திருந்த '24 மணி நேர செக்-அவுட்'. மதுரை லாட்ஜுகளில் பழைய வழக்கம். பாண்டியன் எக்ஸ்பிரஸ் விடியற்காலையில் வந்து சேருவதால் வந்த பழக்கம் என்றுதான் நினைக்கிறேன். விடியற்காலை 5.30-க்கு வந்தவர் மறுநாள் 5.30 வரை இருக்கலாம். விருந்தாளிக்கு வசதி. ஆனால் 42 அறையும் 42 வேறு நேரத்தில் காலியாகும். துவைக்கிறவர், கூட்டுகிறவர் யாருக்கும் வேலை நேரம் நிற்காது, மதியம் எத்தனை அறை கையில் இருக்கும் என்று சொல்லவே முடியாது. ஐயப்ப சீசனுக்கு மட்டும் மதியம் 12 என்று மாற்றச் சொன்னேன். உரிமையாளர் பாதி மனசோடு ஒத்துக்கொண்டார்.

விலையைக் குறைத்து அறையை நிரப்பு என்று அறை புக்கிங் ஆப்காரர்கள் சொல்லிக்கொண்டே இருப்பார்கள். 2,000 ரூபாய்க்கு 60 சதவீதம் நிரம்பினால், இருக்கிற அறை ஒன்றுக்குச் சராசரி 1,200. 1,700 ஆக்கினால் 75 சதவீதம் நிரம்பும் என்றே வைத்துக்கொள்வோம், 1,275. லாபம் மாதிரித் தெரிகிறது: 42 அறைக்கு நாளுக்கு 3,150 அதிகம். ஆனால் கூடுதலாகப் போகும் ஆறு அறைக்குத் தலா 400 செலவு, சுமார் 2,500. மிச்சம் 650. கூடுதல் ஆட்கள் ஆப் வழியாக வந்தால் கமிஷன் 20 சதவீதம், நஷ்டத்தில் நிற்கும். ஆக அறை நிரம்பிக் கிடக்க, பெட்டி காலியாகக் கிடக்கும்.

ஜிஎஸ்டியும் ஒரு சின்ன வேலை செய்தது. கேசினோவை 40-க்கு ஏற்றிய அதே 2025 செப்டம்பர் 22-ல், 7,500 ரூபாய்க்கு உட்பட்ட அறைகளை 12-லிருந்து 5-க்கு இறக்கினார்கள். 2,000 ரூபாய் அறைக்கு விருந்தாளி 2,240 கொடுத்த இடத்தில் இப்போது 2,100. எல்லாரும் கைதட்டினார்கள். ஆனால் 5 சதவீதத்தில் உள்ளீட்டு வரியை, அதாவது லாட்ஜ் தான் வாங்குகிறவற்றுக்குக் கட்டிய ஜிஎஸ்டியை, கழிக்க முடியாது. ஆப் கமிஷன் 400 என்றால் அதன்மேல் வரும் 18 சதவீத ஜிஎஸ்டி 72 ரூபாய், முன்பு கழித்துக்கொண்டது, இப்போது சொந்தச் செலவு. நேரடியாக போனில் புக் செய்கிறவருக்கு 100 ரூபாய் தள்ளுபடி கொடுத்தாலும் லாபம் என்று அதிலிருந்துதான் உரிமையாளருக்குப் புரிந்தது. ரிசப்ஷனில் ஒரு நம்பர் எழுதி ஒட்டினார்.

பாரைப் பற்றி ஒரு வரி: சரக்கில் பெரிதாக ஒன்றும் நிற்பதில்லை, வருடாந்திர உரிமக் கட்டணம் ஆள் வந்தாலும் வராவிட்டாலும் கட்டவேண்டும், சம்பாதிப்பது சுக்காவும் ஆம்லெட்டும்தான். புரட்டாசியில் அதுவும் படுத்துவிடும். ஆனால் பார் சப்ளையருக்குத் தினமும் வரும் 60 பேரின் பெயரும், யாருக்கு எந்த மூலை, யாருக்கு வெங்காயம் கூடாது என்பதும் தெரியும். லவ்மன் கம்ப்யூட்டரில் தேடியது இவர் மண்டையில் இருக்கிறது. அவர் வேலையை விட்டால் எல்லாம் போச்சு.

அப்பாவின் வாடகை

வருடக் கடைசியில் எல்லாம் கழித்து, கீழே ஹோட்டல் தரும் வாடகையும் சேர்த்து, சுமார் 60 லட்சம் நின்றது. உரிமையாளருக்குத் திருப்தி.

அப்போது பெல்லாஜியோ கதையைச் சொன்னேன். லாஸ் வேகஸில் எம்ஜிஎம் நடத்தும் பெரிய கேசினோ ஹோட்டல். 2019-ல் அதன் கட்டடத்தையும் நிலத்தையும் பிளாக்ஸ்டோன் என்ற முதலீட்டு நிறுவனம் சுமார் 425 கோடி டாலருக்கு வாங்கியது. எம்ஜிஎம் அதே இடத்தில் ஆரம்பத்தில் வருடம் 24.5 கோடி டாலர் வாடகை கட்டித் தொடர்ந்து நடத்தியது. ஊர்ப்புறக் கேசினோக்கள் நடத்தும் பென் நேஷனல் அதற்கு முன்பே, 2013-ல், நிலத்தையும் கட்டடங்களையும் தனி நிறுவனமாகப் பிரித்துவிட்டு, தானே வாடகைதாரராகிவிட்டது. நிலம் சம்பாதிப்பது ஒரு கணக்கு, தொழில் சம்பாதிப்பது இன்னொரு கணக்கு என்று பிரித்தால்தான் எது ஓடுகிறது, எது படுத்திருக்கிறது என்று தெரியும்.

பெல்லாஜியோ வாடகை விலையில் ஏறக்குறைய 5.8 சதவீதம். நம் இடத்துக்குப் புரோக்கர்கள் சொல்லும் விலை 12 கோடி. கோயிலைச் சுற்றி ஒரு கிலோமீட்டருக்குள் 9 மீட்டர் உயரக் கட்டுப்பாடு இருப்பதால் புதிதாக யாரும் மாடிமேல் மாடி ஏற்ற முடியாது, இருக்கிற கட்டடத்துக்கு மவுசு குறையாது. 12 கோடியில் 5.8 சதவீதம் கிட்டத்தட்ட 70 லட்சம். அவர் தன் அப்பாவின் கட்டடத்துக்கு அந்த விகிதத்தில் வாடகை கட்டியிருந்தால், 60 லட்சம் லாபம் 10 லட்சம் நஷ்டம். இந்த விகிதம் மதுரைக்கு அப்படியே பொருந்தும் என்று நான் சத்தியம் செய்யமாட்டேன். பாதியாக்கினாலும் 60-ல் 35 போய்விடும்.

கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். "அப்ப எங்கப்பாதான் இன்னும் சம்பாதிச்சுப் போட்டுக்கிட்டிருக்காரு. நான் இல்ல." மேசைக்கண்ணாடிக்கு அடியில் இருந்த அப்பா படத்தை ஒரு தடவை பார்த்துக்கொண்டார்.

அதற்குப் பிறகு

பஞ்சாங்கம் பார்த்து முகூர்த்த நாட்களைச் சிவப்பு மையில் வட்டம் போட்ட காலண்டர் ஒன்று ரிசப்ஷனுக்கு வந்தது. சிவப்பு நாளில் ஹாலுக்கு இரண்டு அறை மட்டும், அதுவும் நம் சமையல் என்றால்தான். வெளிச் சமையல் என்றால் ஹால் வாடகை 45,000. பதிலுக்கு முந்தின நாள் ராத்திரி ஹால் இலவசம், கார் நிறுத்த இரண்டு ஆள், சீர்வரிசைத் தட்டு வைக்க ஹாலுக்குப் பின்னால் பூட்டுப் போட்ட ஏசி சின்ன அறை. சிவப்பு இல்லாத நாளில் ஆறு என்ன, எட்டு கேட்டாலும் கொடுக்கலாம். இரண்டு பார்ட்டி வேறு மண்டபம் பார்த்துப் போனது. இரண்டும் வெளிச் சமையல் பார்ட்டிகள்.

பதிவேட்டிலும் ஒரு மாற்றம் கேட்டேன்: இலவசம் கொடுப்பது உங்கள் இஷ்டம், ஆனால் அன்றைக்கு அந்த அறை என்ன விலைக்குப் போயிருக்குமோ அதைப் பக்கத்தில் எழுதவேண்டும். ராத்திரி மேனேஜர் தலையாட்டினார்.

ஆவணியில் உரிமையாளரின் பங்காளி வீட்டு ரிசப்ஷன். ஞாயிற்றுக்கிழமை, சிவப்பு வட்டம். மறுவாரம் பதிவேட்டைப் பார்த்தேன். எட்டு வரிக்கும் சேர்த்து ஒரு பெரிய அடைப்புக்குறி, பக்கத்தில் பென்சிலில்: 'ஐயா சொன்னது. 17,600.' அடியில் உரிமையாளர் பேனாவில் கையெழுத்துப் போட்டிருந்தார்.